பட்ஜெட் போடலைன்னா சம்பளம் கட்! – கேளுங்க, பதில் சொல்றோம்

அமெரிக்காவுல 2025 அக்டோபர் 1ல ஆரம்பிச்சு நவம்பர் 12 வரைக்கும், 43 நாள், கவர்மென்ட் ஷட்டவுன்ல கெடந்துச்சு, அதாவது செலவுக்கு பணம் ஒதுக்குற மசோதா பாஸ் ஆகாம பல அரசு வேலை நின்னு போச்சு. அங்க அதுவரைக்கும் நடந்ததுலயே நீளமான ஷட்டவுன் அது தான். அதுலேர்ந்து நமக்கு வர்ற கேள்வில நிறைய ஒரே விஷயத்தை சுத்தித்தான் இருக்கு. பட்ஜெட் பாஸ் பண்ணாத எம்.பி.ங்களுக்கு சம்பளம் எதுக்கு, நிறுத்தினா டெமாக்ரட், ரிபப்ளிகன்னு ரெண்டு கட்சியும் தானா வழிக்கு வந்துருவாங்களேன்னு. சரி, இந்த தடவை மொத்தமா அதையே பேசிருவோம்.

கேள்வி: ஷட்டவுன் வந்தா ஏர்போர்ட் செக்யூரிட்டி ஆளுலேர்ந்து எல்லாருக்கும் சம்பளம் நிக்குது, ஆனா காங்கிரஸ் (அமெரிக்க பார்லிமென்ட்) மெம்பர்களுக்கு மட்டும் டாண்ணு அக்கவுன்ட்ல விழுதாமே, நிஜமா சார்?

நிஜம் தான். அரசியல் சாசனத்தோட முதல் ஷரத்துலயே மெம்பர்களுக்கு கருவூலத்துலேர்ந்து சம்பளம் குடுக்கணும்னு இருக்கு, அது போக 1980கள் ஆரம்பத்துலேர்ந்து அந்த சம்பளத்துக்கு நிரந்தர ஒதுக்கீடு வேற பண்ணி வச்சிருக்காங்க, அதனால அரசு செலவுக்கு பணம் ஒதுக்க வருஷா வருஷம் பாஸ் ஆக வேண்டிய 12 ஒதுக்கீட்டு மசோதாவுக்கும் இவங்க சம்பளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சாதாரண மெம்பருக்கு வருஷத்துக்கு 1,74,000 டாலர், ஹவுஸ்ங்கிற கீழ்சபையோட சபாநாயகருக்கு 2,23,500. இதுல வேடிக்கை என்னன்னா அந்த மெம்பரோட ஆபீஸ்ல ஃபோன் எடுக்குற பையனுக்கும், காங்கிரஸ் கூடுற கேபிட்டல் கட்டட வாசல்ல நிக்கிற போலீஸ்காரருக்கும் இந்த பாதுகாப்பு கிடையாது. 2025ல அவங்களுக்கெல்லாம் சம்பளம் நின்னு போச்சு, உள்ள உக்காந்து சண்டை போட்டவங்களுக்கு நிக்கல. ஜனங்களுக்கு வயிறு எரியறதுல தப்பே இல்ல.

கேள்வி: இந்த "பட்ஜெட் இல்லைன்னா சம்பளம் இல்லை" ஐடியா யாரோடது?

இந்த பேர்ல அதை பிரபலப்படுத்தினது நோ லேபிள்ஸ்ங்கிற அமைப்பு. 2010 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, ரெண்டு கட்சிலயும் இருக்குற நடுவாந்தர ஆளுங்களை ஒண்ணு சேக்குறது தான் எங்க வேலைன்னு சொல்லிட்டு. டென்னஸி டெமாக்ரட் ஜிம் கூப்பர் ஹவுஸ்ல மசோதா கொண்டு வந்தாரு, மேல்சபையான செனட்ல நெவாடா ரிபப்ளிகன் டீன் ஹெல்லர். அந்த ஒரிஜினல் மசோதா கறாரானது. அவங்க நிதியாண்டு அக்டோபர் 1ல ஆரம்பிக்குது, அதுக்குள்ள பட்ஜெட்டும் எல்லா ஒதுக்கீட்டு மசோதாவும் முடியணும், முடியலைன்னா அன்னிலேர்ந்து சம்பளம் கட், அப்புறமா சேத்து வாங்கிக்கிற கதையெல்லாம் கிடையாது, போனது போனது தான். அந்த ரூபத்துல அது பாஸ் ஆகவே இல்ல.

கேள்வி: ஆனா 2013ல ஒபாமா கையெழுத்து போட்டு சட்டம் ஆச்சுன்னு படிச்சேனே?

படிச்சது சரி தான், ஆனா பேர் மட்டும் தான் அது, உள்ளே இருந்த சரக்கு வேற. அப்ப நடந்தது கடன் உச்சவரம்பு சண்டை, அதாவது அரசு எவ்வளவு வரைக்கும் கடன் வாங்கலாம்ங்கிற எல்லையைப் பத்தி. ஹவுஸ் ரிபப்ளிகன் கையில, செனட் டெமாக்ரட் கையில. செனட்ல 2009க்கு அப்புறம் பட்ஜெட் தீர்மானமே பாஸ் ஆகல, அதை குத்திக் காட்டணும்னு ரிபப்ளிகன்களுக்கு ஆசை. உச்சவரம்பை மே மாசம் வரைக்கும் தள்ளி வைக்கிறோம், பதிலுக்கு ரெண்டு சபையும் ஏப்ரல் 15க்குள்ள பட்ஜெட் தீர்மானம் போடணும், எந்த சபை போடலையோ அந்த சபை மெம்பர் சம்பளம் நிறுத்தப்படும்னு ஒரு மசோதா போட்டாங்க. ஹவுஸ்ல 285க்கு 144, செனட்ல 64க்கு 34, பிப்ரவரி 4ம் தேதி ஒபாமா கையெழுத்து.

இப்ப உள்ள போய் பாருங்க. நிறுத்துற சம்பளம் எங்கயும் போகாது, தனி கணக்குல பத்திரமா கெடக்கும், பட்ஜெட் பாஸ் ஆன அன்னிக்கு மொத்தமா வந்துரும், பாஸ் ஆகவே இல்லைன்னாலும் அந்த காங்கிரஸோட, அதாவது அந்த ரெண்டு வருஷ அவையோட, கடைசி நாள்ல குடுத்துரணும். அதைவிட முக்கியம், அவங்க கேட்டது பட்ஜெட் தீர்மானம் மட்டும் தான். அது சட்டம் கிடையாது, ஜனாதிபதி கையெழுத்து வேண்டாம், அதை வச்சு ஒரு டாலர் கூட செலவு பண்ண முடியாது, செனட்ல 60 ஓட்டு தேவையில்ல, சாதாரண மெஜாரிட்டி போதும். நிஜமா பணத்தை எடுத்துக் குடுக்குறது ஒதுக்கீட்டு மசோதா, அதுக்குத்தான் செனட்ல ஃபிலிபஸ்டரை, அதாவது ஓட்டெடுப்பு நடக்க விடாம இழுத்தடிக்கிற தடையை, தாண்ட 60 ஓட்டு வேணும், அதுக்குத்தான் எதிர்க்கட்சி தயவு வேணும். கஷ்டமான வேலையை விட்டுட்டு சுலபமான வேலைக்கு சம்பளத்தை கட்டிட்டாங்க. அது போக, ரெண்டு சபையும் ஒரே பட்ஜெட்டை ஒத்துக்கணும்னு கூட அதுல இல்ல, அவங்கவங்க தனித்தனியா ஒண்ணு போட்டா போதும்.

கேள்வி: பலன் கெடைச்சுதா இல்லியா, அதைச் சொல்லுங்க முதல்ல.

கெடைச்சுது, கேட்டது மட்டும். மார்ச் 21ல ஹவுஸ் பட்ஜெட், 221க்கு 207. மார்ச் 23 சனிக்கிழமை விடியக்காலைல செனட் பட்ஜெட், 50க்கு 49. கெடுவுக்கு மூணு வாரம் முன்னாடியே முடிச்சாச்சு, ஒருத்தர் சம்பளமும் நிக்கல. ஆனா ஹவுஸ் பட்ஜெட்டுக்கு ஒரு டெமாக்ரட் கூட ஓட்டு போடல, செனட் பட்ஜெட்டுக்கு ஒரு ரிபப்ளிகன் கூட ஓட்டு போடல, டெமாக்ரட்லயே நாலு பேர் எதிர்த்தாங்க. அட்டென்டன்ஸுக்காக மட்டும் கிளாஸ்ல வந்து உக்காந்துட்டு போற பையன் மாதிரி தான். அப்புறம் ரெண்டு பட்ஜெட்டையும் வச்சு கூட்டுக்குழு உக்காந்து பேசணும்ல, அதுக்கு மாசக்கணக்கா ஆளே அனுப்பல. அக்டோபர் 1ல ஷட்டவுன், 16 நாள். சட்டம் பாஸ் ஆன அதே வருஷம்!

கேள்வி: சம்பளத்தை முழுசா வெட்டிட வேண்டியது தானே, தனி கணக்குல வச்சு திருப்பிக் குடுக்குற நாடகம் எதுக்கு?

27வது சட்டத் திருத்தம் குறுக்க நிக்குது. மெம்பர் சம்பளத்தை மாத்துற எந்த சட்டமும் நடுவுல ஒரு ஹவுஸ் தேர்தல் வந்து போனதுக்கு அப்புறம் தான் அமலுக்கு வரணும்னு அது சொல்லுது. பதவில இருக்கும்போதே தனக்குத்தானே சம்பளத்தை ஏத்திக்கக் கூடாதுன்னு யோசிச்சு போட்டது, ஆனா வாசகத்துல "மாத்துற"ன்னு இருக்குறதால குறைக்கிறதும் அதுக்குள்ள வந்துருதுன்னு பல பேர் வாதம். அதனால தான் 2013ல சம்பளத்தை மாத்தல, குடுக்குற தேதியை மட்டும் தள்ளி வைக்கிறோம்னு சுத்தி வளைச்சு எழுதினாங்க.

இந்த திருத்தத்தோட கதை தனி சினிமா. ஜேம்ஸ் மேடிசன் 1789ல முன்வச்சது, போதுமான மாநிலங்கள் ஒத்துக்காம அப்படியே தூங்கிருச்சு. 1873ல காங்கிரஸ் தன் சம்பளத்தை 5,000லேர்ந்து 7,500 டாலரா, அதுவும் முன்தேதி போட்டு ஏத்திக்கிட்ட கோவத்துல ஒஹையோ மட்டும் எழுந்து ஒப்புதல் குடுத்துச்சு. அப்புறம் 1982ல டெக்ஸாஸ் யுனிவர்சிட்டில கிரெகரி வாட்சன்னு ஒரு ஸ்டூடன்ட், இதுக்கு கெடு தேதியே இல்லியே, இன்னும் உயிரோட தானே இருக்குன்னு கட்டுரை எழுதி சி கிரேடு வாங்கினாரு, அந்த கடுப்புல மாநிலம் மாநிலமா லெட்டர் போட்டு 1992ல நெஜமாவே சாசனத்துல ஏத்திட்டாரு. 202 வருஷம். யுனிவர்சிட்டி 2017ல அந்த சி கிரேடை ஏ ஆக்கிக் குடுத்துச்சு. பாருங்க, சம்பளத்தை ஏத்தக் கூடாதுன்னு மெனக்கெட்டு கொண்டு வந்த திருத்தம், இன்னிக்கு அவங்க சம்பளத்தை குறைக்க முடியாம காவல் நிக்குது.

கேள்வி: எங்க பொண்ணு கலிஃபோர்னியால இருக்கா. அங்க இந்த சட்டம் சூப்பரா வேலை செய்யுதுன்னு சொல்றா. அப்ப வாஷிங்டன்ல மட்டும் ஏன் ஆகாது?

உங்க பொண்ணு சொல்றது பாதி சரிங்க, மீதி பாதில தான் விஷயமே இருக்கு. அங்க ஜூன் 15க்குள்ள சட்டசபை பட்ஜெட் பாஸ் பண்ணணும், ஜூலை 1ல நிதியாண்டு. ஆனா வருஷா வருஷம் இழுக்கும், 2009ல பணம் குடுக்க வழியில்லாம மாநில அரசே கடன் சீட்டு எழுதிக் குடுத்துச்சு, 2010ல நிதியாண்டு பொறந்து 100 நாள் கழிச்சு அக்டோபர்ல தான் கையெழுத்து ஆச்சு. அந்த நவம்பர்ல ஜனங்க ஓட்டு போட்டு பிரபோசிஷன் 25ஐ கொண்டு வந்தாங்க. லேட் ஆகுற ஒவ்வொரு நாளுக்கும் சம்பளமும் படியும் போச்சு, திரும்ப வராது.

முதல் வருஷமே கூத்து. 2011 ஜூன் 15ல சட்டசபை அவசர அவசரமா ஒண்ணை பாஸ் பண்ணுச்சு, மறுநாளே கவர்னர் ஜெர்ரி ப்ரவுன் வீட்டோ. அவரும் டெமாக்ரட், சட்டசபையும் டெமாக்ரட் கையில, இருந்தும் இது ஒட்டுப்போட்ட பட்ஜெட்னு திருப்பி அனுப்பிட்டாரு. உடனே மாநில அரசோட சம்பளத்தை பட்டுவாடா பண்ற அதிகாரியான கன்ட்ரோலர் ஜான் சியாங், இவரும் அதே கட்சி தான், கணக்கு போட்டு பாத்துட்டு வரவும் செலவும் பொருந்தல, இது பட்ஜெட்டே இல்ல, சம்பளம் கிடையாதுன்னுட்டாரு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 டாலர் சொச்சம், 12 நாள் போச்சு. சபைத் தலைவர்கள் கோர்ட்டுக்கு போனாங்க, எது பட்ஜெட்னு தீர்மானிக்கிற அதிகாரம் கன்ட்ரோலருக்கு இல்லன்னு தீர்ப்பு, 2014ல அப்பீல்லயும் அதே. அதாவது பட்ஜெட் பொருந்துதான்னு சொல்ற வேலை சட்டசபையோடது தான். மார்க் போடுறதும் அவங்க, பரீட்சை எழுதுறதும் அவங்கன்னு ஆச்சு. இப்பல்லாம் ஜூன் 15ல பேருக்கு ஒரு பட்ஜெட் பாஸ் ஆகிரும், சம்பளம் சேஃப், அதுக்கப்புறம் தான் கவர்னரோட நெஜமான பேரம், திருத்த மசோதா, பட்ஜெட்டோட ஒட்டி வர்ற ட்ரெய்லர் மசோதான்னு பின்னாடியே வரிசையா வரும்.

இதை விட பெரிய சமாசாரம் ஒண்ணு இருக்கு. அதே பிரபோசிஷன் 25ல இன்னொரு வரி. பட்ஜெட்டுக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்ங்கிற பழைய ரூலை எடுத்துட்டு பாதிக்கு மேல இருந்தா போதும்னு மாத்தினாங்க. பழைய ரூல்ல எதிர்க்கட்சில நாலஞ்சு பேரையாவது இழுத்தாகணும், அந்த நாலஞ்சு பேர் ஆளுக்கொரு விலை சொல்வாங்க, அதனால தான் 100 நாள் இழுத்துது. இப்ப எதிர்க்கட்சியை கேக்கவே வேண்டாம். கலிஃபோர்னியால பட்ஜெட் டயத்துக்கு வர்றதுக்கு பெரிய காரணம் இது தான்னு நான் சொல்லுவேன், சம்பளம் கட் அடுத்தது தான். ரெண்டு கட்சியும் கை கோக்கணும்னு கட்டாயம் இருந்த வரைக்கும் லேட்டு, அந்த கட்டாயத்தை தூக்கினதும் டயத்துக்கு வந்துருச்சு. நோ லேபிள்ஸ் கனவு கண்டதுக்கு நேர் தலைகீழ்.

கேள்வி: நியூயார்க்?

1998ல சட்டம், சம்பள உயர்வோட சேத்து வந்துச்சு. ஏப்ரல் 1க்குள்ள பட்ஜெட் இல்லைன்னா சம்பளம் நிக்கும், பட்ஜெட் முடிஞ்சதும் பாக்கி சேத்து வரும். சட்டசபை ஆளுங்க கோர்ட்ல எதிர்த்தாங்க, 1999ல செல்லும்னு தீர்ப்பு. செல்லும், ஆனா வேலை செய்யல. 2004 வரைக்கும் லேட்டு தான், அந்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் இழுத்துது, 2010லயும் ஆகஸ்ட். கவர்னர் பாட்டுக்கு காத்துக்கிட்டு இருக்கலாம், மெம்பர் வீட்டு வாடகைக்கு அல்லாடட்டும்னு. பேரத்துல ஒரு பக்கத்துக்கு மட்டும் கடிகாரம் ஓடினா யார் ஜெயிப்பான்னு யோசிச்சுக்கோங்க.

கேள்வி: கோடீஸ்வர எம்.பி.க்கு மாச சம்பளம் போனா என்ன, வந்தா என்ன?

இதைத்தான் நானும் கேக்குறேன். 2014 ஆரம்பத்துல வந்த கணக்குப்படி காங்கிரஸ் மெம்பர்கள்ல பாதிக்கு மேல மில்லியன் டாலர் ஆசாமிங்க, முதல் தடவையா. அவங்களுக்கு ஒரு மாச சம்பளம் ஒரு பொருட்டா? கடிபடுறது யாருன்னா வாஷிங்டன்ல ஒரு வாடகை, சொந்த ஊர்ல ஒரு வீட்டுக் கடன், பசங்க காலேஜ் ஃபீஸ்னு சம்பளத்தை நம்பி ஓட்டுற மெம்பர். அவர் தான் முதல்ல சரிஞ்சு கையைத் தூக்குவாரு, நல்ல பட்ஜெட்டா இல்லியான்னு பாக்க மாட்டாரு. சமரசத்துக்கு ஓட்டு போட்டவருக்கும் அதே வெட்டு, முட்டுக்கட்டை போட்டவருக்கும் அதே வெட்டுங்கிறது இன்னொரு அநியாயம். எந்த மசோதா ஓட்டுக்கு வரணும்னு முடிவு பண்றது தலைமைல இருக்குற நாலு பேர், பின் வரிசைல உக்காந்திருக்கறவர் என்ன பண்ணுவாரு பாவம்.

கேள்வி: அப்ப ஷட்டவுன் எல்லாம் எதனால தான் முடியுது?

வலி ரெண்டு பக்கமும் ஏறினா முடியும். 2018 டிசம்பர் 22ல ஆரம்பிச்ச ஷட்டவுனை எடுத்துக்கோங்க, 35 நாள், கிட்டத்தட்ட 8 லட்சம் ஊழியர்களுக்கு சம்பளம் இல்ல, அதுல பாதிக்கு மேல சம்பளம் இல்லாமலே வேலை பாத்தாங்க, ஜனவரி 15ல கடலோரக் காவல் படைக்கே (கோஸ்ட் கார்டு) சம்பளம் வரல. அப்பல்லாம் அசையல. ஜனவரி 25 காலைல விமானக் கட்டுப்பாட்டு சென்டர்கள்ல சில பேர் வேலைக்கு வரல, ஆள் பத்தல, நியூயார்க் லாகார்டியா ஏர்போர்ட்டுக்கு வர்ற ஃப்ளைட்டை கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சாங்க. அன்னிக்கு மத்தியானமே டிரம்ப் வெளிய வந்து ஒப்பந்தம்னு அறிவிச்சாரு, ராத்திரி கையெழுத்து. மெம்பர் சம்பளத்துக்கு அதுல எந்த பங்கும் கிடையாது.

2013 டிசம்பர் இன்னொரு உதாரணம், இது நல்ல உதாரணம். ஹவுஸ்ல ரிபப்ளிகன் பால் ரயன், செனட்ல டெமாக்ரட் பேட்டி மர்ரே, ரெண்டு பேரும் உக்காந்து ரெண்டு வருஷத்துக்கு பட்ஜெட் ஒப்பந்தம் போட்டாங்க, ஹவுஸ்ல 332க்கு 94, செனட்ல 64க்கு 36. உண்மையான ரெண்டு கட்சி ஓட்டு. ஏன் முடிஞ்சுதுன்னா ஜனவரில ஏற்கனவே சட்டத்துல போட்டு வச்ச தானியங்கி செலவு வெட்டு அடுத்த ரவுண்டுக்கு காத்துக்கிட்டு இருந்துது, ராணுவச் செலவு வெட்டுப்பட்டா ரிபப்ளிகனுக்கு வலி, உள்நாட்டுத் திட்டம் வெட்டுப்பட்டா டெமாக்ரட்டுக்கு வலி, குடுத்து வாங்க ஆளுக்கு ஒண்ணு கையில இருந்துச்சு. அதுவும் 16 நாள் ஷட்டவுன் அவமானத்துக்கு அப்புறம். சம்பளத்தை பறிக்கிறேன்னு மிரட்டுனா குடுத்து வாங்குறதுக்கு மேஜைல புதுசா எதுவும் வராதுங்க, கெடு தேதி மட்டும் தான் வரும்.

கேள்வி: குறை சொல்றது சுலபம். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

சம்பளத்தை விட்டுட்டு அவங்க நேரத்தை புடிப்பேன். ஓக்லஹோமா ரிபப்ளிகன் செனட்டர் ஜேம்ஸ் லேங்ஃபர்டும் நியூ ஹாம்ப்ஷயர் டெமாக்ரட் மேகி ஹாசனும் சேந்து 2019லேர்ந்து ஒரு மசோதாவை தூக்கிட்டு அலையறாங்க. கெடு தாண்டினா பழைய வருஷ செலவு அளவே 14 நாள் 14 நாளா தானா நீளும், ஊழியர் யாருக்கும் சம்பளம் நிக்காது. ஆனா மெம்பர்கள் ஊருக்கு போக அரசு பணம் கிடையாது, தேர்தல் பிரசார நிதிலயும் போக முடியாது, தினம் சபைக்கு வந்து தலை காட்டணும், ஒதுக்கீட்டு மசோதாவைத் தவிர வேற வேலையை எடுக்க முடியாது. எனக்கு இது பிடிச்சிருக்கு, ஏன்னா கோடீஸ்வரருக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் வாரக் கடைசி ஒண்ணு தான், வெள்ளிக்கிழமை ஃப்ளைட் புடிச்சு தொகுதிக்கு போய் நன்கொடை வசூல் பண்ண முடியலைன்னா ரெண்டு பேருக்கும் ஒரே அளவு அரிக்கும். ஓட்டை இல்லாம இல்ல. பழைய செலவே தொடர்ந்தா போதும்னு நினைக்கிற ஆளுக்கு இது வசதி, காலத்துக்கும் இழுத்துக்கிட்டே போகலாம். ஒதுக்கீட்டுக் குழுவுல இருக்குற பெரிய தலைங்க எதிர்க்கிறதும் இதனால தான், இன்னும் சட்டம் ஆகல. 2025ல ஷட்டவுனை முடிக்க செனட்ல எதிர்ப்பக்கம் இருந்து எட்டு பேர் வந்து ஓட்டு போட்டாங்கல்ல, ஏழு டெமாக்ரட், ஒரு சுயேச்சை, அந்த ஏழு பேர்ல ஹாசனும் ஒருத்தர், 60க்கு 40.

கேள்வி: மத்த நாட்டுல இந்த ஷட்டவுன் கதை இல்லியே, ஏன்?

பார்லிமென்ட் முறைல பட்ஜெட் தோத்தா ஆட்சியே கவுந்துரும், சம்பளம் இல்ல சார், பதவியே போயிரும். அமெரிக்காவுல அப்படி இல்ல, ஹவுஸ், செனட், ஜனாதிபதின்னு மூணு பேருக்கும் தனித்தனி தேர்தல், யாரும் யாரையும் கவுக்க முடியாது.

கேள்வி: சட்டத்துல போட்டபடி பட்ஜெட் வேலை என்னிக்காவது டயத்துக்கு முடிஞ்சிருக்கா?

1974 பட்ஜெட் சட்டத்துக்கு அப்புறம் எல்லா ஒதுக்கீட்டு மசோதாவும் அக்டோபர் 1க்குள்ள முடிஞ்சது மொத்தமே நாலு தடவை. 1977, 1989, 1995, 1997 நிதியாண்டுகளுக்கு. நாலுலயும் மெம்பர் சம்பளத்தை யாரும் தொடல.

கேள்வி: ஜனாதிபதி சம்பளத்தையும் சேத்து நிறுத்துங்கப்பா, அவரும் தானே வீட்டோ போட்டு இழுக்குறாரு?

முடியாது. வருஷத்துக்கு 4,00,000 டாலர், 2001லேர்ந்து அதே தொகை. பதவிக்காலம் முடியற வரைக்கும் அவர் சம்பளத்தை ஏத்தவும் கூடாது இறக்கவும் கூடாதுன்னு சாசனத்தோட ரெண்டாவது ஷரத்துல எழுதி வச்சிருக்கு. மெம்பர் சம்பளத்துக்காவது தனி கணக்கு, தேதி தள்ளி வைக்கிறதுன்னு ஒரு சந்து கெடைச்சுது, இவருக்கு அதுவும் கஷ்டம். ஆக காங்கிரஸ் மெம்பர்கள் 535 பேர் சம்பளமும் நின்னு போய், எல்லாரும் அவசரமா ஒண்ணை பாஸ் பண்ணி அனுப்பினாலும், அதை திருப்பி அனுப்புற ஒரே ஆளுக்கு மாசா மாசம் சம்பளம் வந்துக்கிட்டே தான் இருக்கும்.